வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தம்

மாப்பிள்ளை,

நீ ரத்தம் கொடுத்த அட்டை என் முன்னால் இருக்கிறது. பழைய பாலிதீன் உறைக்குள் இருந்ததால் ஓரம் மட்டும்தான் பழுப்பேறியிருக்கிறது. உறையைப் பிரித்ததும் உன் தகரப் பெட்டியின் வாடை வந்தது. அந்துருண்டையும் கரித்தூளும் கலந்த வாடை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நாம் இருவரும் கடைசியாகக் கரி மூட்டம் போட்டு அதற்கும் மேலே பல வருஷம் ஆகிவிட்டது. அந்த வாடை இன்னும் போகவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க உன் வீட்டில் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்தார்கள். உன் பெட்டிக்குள் அடியில் இது கிடந்ததாம். தங்கச்சி இதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது. ரேஷன் காகிதமோ, தாலுகா ஆபீஸ் காகிதமோ, தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னது. “நீங்கதான் இப்ப எழுத்துக் கூட்டுறீகளேண்ணே” என்றது. உன் பெண்சாதி வாயால் அதைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆமாம் மாப்பிள்ளை, எழுபத்திரண்டு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. சாயங்காலம் நம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன ஆடியில் சேர்ந்தேன். இப்போது உப்பு பாக்கெட்டைப் படிக்கிறேன், மாத்திரை அட்டையைப் படிக்கிறேன், சுவரில் பாதி கிழிந்து தொங்கும் காதணி விழா நோட்டீஸைப் படிக்கிறேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் ஏறப்போகாத பஸ்ஸின் பலகையைக்கூட நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். இந்த மடலையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. அவசரமெல்லாம் நெஞ்சில்தான் இருக்கிறது, விரலில் இல்லை.

உன் அட்டையை எழுத்து எழுத்தாகப் படித்தேன். மேலே உன் பெயர், உன் அப்பா பெயர், நம் ஊர், திருச்சுழி தாலுகா, உன் ரத்த வகை. கீழே கட்டம் போட்டுத் தேதிகள். மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளித் தள்ளி, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கையெழுத்து. முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

நான் சத்தமாக வருஷங்களை வாசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வருஷத்தில் நாக்கு நின்றுவிட்டது. அது என் மூத்த மகள் கல்யாணம் நடந்த வருஷம். நான் உன்னோடு டவுனுக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, பஸ் படியில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்ட வருஷம். அதோடு நீ நிறுத்திவிட்டாய் என்றுதான் ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். இனிமேல் ரத்தம் கொடுக்கப் போனால் வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்று தங்கச்சி ஒற்றைக்காலில் நின்றது. சரி, போகவில்லை என்று நீயும் சொன்னாய். ஆனால் அந்த வருஷத்துக்குக் கீழே அட்டையில் வரிசை வரிசையாகத் தேதி இருக்கிறது மாப்பிள்ளை. உனக்கு வயது தாண்டுகிற வரைக்கும் இருக்கிறது.

தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அருவா சாணை பிடிக்கப் போறேன்னுல்லண்ணே போவாரு” என்றது. “நானும், இதென்ன அருவா, மூணு மாசத்துக்கு ஒருக்கா மொண்ணையாப் போகுதேன்னு நினைச்சுக்கிருவேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன். எழுந்தால் தெருமுனை வரை போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புகிறேன். காரணம் அட்டை மட்டும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் ரத்ததான முகாம் வைக்கலாம் என்று சுகாதார நிலையத்து நர்சம்மா சொல்லியிருக்கிறார். இருபது பேராவது பெயர் கொடுத்தால்தான் டாக்டரும் வண்டியும் வருவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெயர் சேராவிட்டால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். பெயர் எழுதுகிற நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு டீச்சர்தான் சிபாரிசு. எழுதிப் பழகினால் கை ஓடும் என்றாராம்.

இன்று வியாழக்கிழமை. நோட்டில் நான்கு பெயர் இருக்கிறது. டீச்சர், பால் வண்டி ஓட்டுகிறவர், தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர். நாலாவது என் பெயர். நர்சம்மா அதை அடித்துவிட்டார். அறுபத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டார்களாம். ஆக மூன்று.

நான் வீடு வீடாகப் போனேன் மாப்பிள்ளை. எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் என் நெற்றித் தழும்பைப் பார்த்தார்கள். நீரே மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவர்தானே, எங்களை வேறு கூப்பிடுகிறீரே என்று சிரித்தார்கள். சங்கையா மட்டும் சிரிக்கவில்லை. அன்று ரத்தம் கொடுக்க நீ சேர்த்து வைத்த பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன் அல்லவா. “ஏலே, எழுதத் தெரிஞ்சதும் ஊரு ரத்தத்தை எல்லாம் எழுதி வாங்கப் பார்க்குறியா?” என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அவர்கள் யாரையும் நான் குறை சொல்ல முடியாது. இருபது வருஷமாக அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிற கதை என் வாயில் இருந்து புறப்பட்டதுதான். அதை உன்னிடமும் நான் திருத்தவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ இந்த வேலையில் இறங்கியது உன் மகள் பிரசவத்தில். அப்போது கண்மாய்க்கரைக் காட்டில் நம் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. மூட்டத்தை விட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர முடியாது. எங்காவது மண் பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் உள்ளே அடுக்கிய கருவேல விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் நான் காவலுக்கு நின்றேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். மூன்றாம் நாள் வந்தாய். பிள்ளை பிறந்தபின் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றும், உன் ரத்தம் அவளுக்குச் சேராது என்று சொல்லிவிட்டார்கள் என்றும், நடையில் யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு லாரி டிரைவர் தானாக வந்து சட்டைக் கையைச் சுருட்டினார் என்றும் சொன்னாய்.

“மல்லாங்கிணத்துக்காரருன்னு சொன்னாருலே. பேரு கேக்க மறந்துட்டேன்” என்றாய். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் உடைந்தது. மகள் பிழைத்ததைச் சொன்னபோதுகூட உடையவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீ டவுன் பஸ் ஏறினாய். வந்து மறுநாளே கோடாரி எடுத்தாய். நான் கேலி செய்வேன். ஒருநாள் கருவேல முள் என் புறங்கையைக் கிழித்து ரத்தம் சொட்டியது. நான் வழக்கம்போல் மண்ணை அள்ளித் தேய்த்துவிட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

“முள்ளு கேக்காமலே எடுத்துக்கிருது, குடுத்துட்டுப் பேசாம இருக்க. மனுசன் கேட்டா மட்டும் யோசிக்கிறியே.”

அந்த வாரத்திலேயே நீ நம்மைப் போல் மூட்டம் போடுகிற ஆட்களிடமும் உழவு ஆட்களிடமும் பேசிப் பன்னிரண்டு பேரைச் சம்மதிக்க வைத்துவிட்டாய். எல்லாரும் ஒரே நிபந்தனை போட்டார்கள். முதலில் நான் கொடுக்க வேண்டும். இரண்டு மூட்டை கரியைச் சேர்த்துத் தூக்குகிற ஆள் என்று எனக்கு ஊரில் பெயர். நான் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தால் அவர்களும் வருவார்கள். நீ என்னைக் கேட்டபோது நான் பெருமையாகத்தான் சரி என்றேன்.

அன்று காலை நான் சாப்பிடவில்லை மாப்பிள்ளை.

வீட்டில் சோறு இருந்தது. அதற்கு முந்தின மாதம் எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது என்றாலே வெறும் வயிறுதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சட்டியை மூடி வைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற சிஸ்டர் எடை பார்த்தார், விரலில் குத்திப் பார்த்தார், கடைசியாகக் கேட்டார், “சாப்பிட்டீங்களாய்யா?”

நான் சொன்னேன், “ஆச்சும்மா.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. நாங்கள் பிறத்தியார் காட்டில் கூலி வேலைக்குப் போய் வளர்ந்தவர்கள். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால், சோறு போடு என்று கேட்டதாக ஆகிவிடும். வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தாலும் ஆச்சு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுப் பேச வேண்டும். உன் வீட்டிலும் அப்படித்தானே. அந்தச் சிஸ்டர் மரியாதைக்குக் கேட்கவில்லை, கணக்காகத்தான் கேட்டார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கொடுத்தோம். வலி ஒன்றும் இல்லை. முள் குத்துவதில் பாதிகூட இல்லை. கொடுத்து முடித்ததும் பிஸ்கட்டும் ஜூஸும் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டாச்சு என்று சொன்ன ஆள் அதை வாங்கி ஆவலாகத் தின்றால் நன்றாக இருக்குமா? வேண்டாம்மா, வயிறு நிறைந்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். இரண்டு மூட்டை தூக்குகிறவன் உட்காருவானா? எழுந்து உனக்கு முன்னால் நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் வெயில். திருச்சுழி பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தது தெரியும். பிறகு கண் விழித்தபோது உன் துண்டு என் நெற்றியில் நனைந்து கிடந்தது.

தையல் போட்டு என்னைக் கூட்டி வந்தாய். பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

“ஏலே, காலையில சாப்பிட்டியா இல்லையா? நெசத்தைச் சொல்லு.”

“சாப்பிட்டேன்லே” என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. தெரிந்தும் ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாயோ?

என் கட்டைப் பார்த்ததும் ஊர் கூடிவிட்டது. சாப்பிடாமல் போனேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சோற்றுக்கு இல்லாதவனா என்று கேட்பார்களோ, ஒரு வாய் சாப்பிடாததற்கே சாய்ந்துவிட்டானே பலசாலி என்று சிரிப்பார்களோ என்று பயந்தேன். ரத்தத்தை உறிஞ்சிவிட்டார்கள், உடம்பே காற்றாகப் போய்விட்டது என்றேன். அன்று சாயங்காலமே பன்னிரண்டு பேரும் கழன்றுகொண்டார்கள். யாராவது சோர்ந்து நடந்தால், டவுனில் போய்ப் படுத்துவிட்டு வந்தவனைப் போல என்று சொல்வது ஊரில் வழக்கமாகிவிட்டது. மூடி வைத்த சட்டியைப் பார்த்த என் வீட்டுக்காரிக்கு மட்டும் உண்மை தெரியும். அவளும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் மாரியம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. அவள் புருஷன் ஊரில் வந்து கை ஏந்திக் கேட்டான். உனக்கும் எனக்கும் வயது தாண்டியிருந்தது. வயது இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் முகம் தெரியாத காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். அன்று நீ என் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நாளை காலையில் நூறு நாள் வேலைக்கு ஊரே கண்மாய் வரத்துக்கால்வாயில் நிற்கும். அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னால் இத்தனை வருஷம் நான் யார் என்று ஊர் நினைத்திருந்ததோ அது போய்விடும். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும்.

திங்கட்கிழமை மறுபடி எழுதுகிறேன் மாப்பிள்ளை. சொல்லிவிட்டேன்.

வருகைப் பதிவு எடுத்து முடித்து, மண்வெட்டி எடுக்கப் போகிற நேரத்தில், நோட்டைப் பிடித்துக்கொண்டு கால்வாய்க் கரைமேல் ஏறி நின்றேன். ஏதோ நோட்டீஸ் வாசிக்கப் போகிறேன் என்று நினைத்து எல்லாரும் திரும்பினார்கள். வீட்டில் மூடி வைத்த சட்டியில் இருந்து பஸ் படி வரைக்கும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. ஆச்சும்மா என்று சொன்ன இடத்தைத் திரும்ப ஒருதடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

முதலில் சிரித்தவர்கள் பெண்கள்தான். ஒருத்தி மண் அள்ளுகிற சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு என்று என்னைப் போலவே இன்னொருத்தி சொல்லிக் காட்டினாள். நானும் சிரித்துவிட்டேன். சங்கையா சிரிக்கவில்லை. கரைக்குக் கீழே வந்து நின்றான்.

“இருபது வருசமா எங்க எல்லாரையும் பயந்தாங்கொள்ளியா ஆக்கி வச்சிருந்திருக்க. அந்த மனுசன் எங்ககிட்ட எம்புட்டுக் கெஞ்சினாரு. செத்தும் போயிட்டாரு. இப்ப வந்து சொல்ற.”

அவன் சொன்னது சரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாயின் அடுத்த கோடிக்கு நடந்துவிட்டான். யாரும் அசையவில்லை. சரி, எல்லாம் போயிற்று, பெயரும் போயிற்று, வண்டியும் போயிற்று என்று கரையை விட்டு இறங்கினேன்.

அப்போதுதான் மாரியம்மா பேசினாள். “சாப்பிட்டியான்னு கேட்டா நம்மள்ல யாரு பெரியப்பா இல்லைம்பா? நானும் ஆச்சுன்னுதான் சொல்லியிருப்பேன்.” சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். “என் உடம்புல ஓடுறது யாரு ரத்தமோ. என் பேரை எழுதுங்க.”

நோட்டை முழங்காலில் வைத்து எழுதினேன். மாரியம்மா என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியாது. அந்த நேரத்துக்குள் அவளுக்குப் பின்னால் நாலு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களை எழுதுவதற்குள் இன்னும் மூன்று பேர். என் கை மெதுவாகப் போவது அன்று எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. வரிசை நிற்பதைப் பார்த்து வரிசையில் வந்தவர்கள் பாதிப் பேர். சாயங்காலம் நர்சம்மாவிடம் நோட்டைக் கொடுத்தபோது இருபத்திரண்டு பெயர். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று டீச்சர் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு இருந்தது, நான் பார்த்துவிட்டேன். இருந்தாலும் அவர் அப்படிச் சொன்னது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றுகொண்டேன். பெயர் கொடுத்தவர்கள் வருவார்களா என்று வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. தங்கச்சி இட்லிக் கொப்பரையைப் பள்ளிக்கூட வேப்ப மரத்தடியிலேயே அடுப்புக் கூட்டி ஏற்றிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, அதுவாகவே செய்தது. “இனிமே எவரும் அருவா சாணை பிடிக்கப் போறேன்னு பொய் சொல்ல வேண்டாம், இங்கயே குடுத்துட்டுப் போகட்டும்” என்று நர்சம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். நான் வாசலிலேயே மறித்து, சாப்பிட்டியா என்று கேட்டேன். எல்லாரும் ஆச்சு, ஆச்சு என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். ஐந்தாறு பேர் போன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. கால்வாயில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு சொல்லி, எல்லாரும் அவ்வளவு சிரித்து, மூன்று நாள்கூட ஆகவில்லை. வாய் தன் பாட்டுக்குப் பழைய பதிலைத்தான் சொல்கிறது. கேள்வியை மாற்றினேன்.

மாரியம்மாவின் புருஷன் அவள் பின்னாலேயே வந்தான். அவன் பெயர் நோட்டில் இல்லை, அவளுக்குத் துணைக்கு வந்தவன். உள்ளே அவளுக்கு விரலில் குத்திப் பார்த்துவிட்டு ரத்தத்தில் சத்துப் போதாது, மாத்திரை சாப்பிட்டுவிட்டு அடுத்த தடவை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. வாங்கத் தெரிந்த எனக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். வெளியே வந்தவள் புருஷனைப் பார்த்து, “என்ன பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிறீக, எனக்குப் பதிலா நீங்க போங்க” என்று தள்ளிவிட்டாள். நான் வாசலில் பிடித்துக்கொண்டேன்.

“என்ன சாப்பிட்ட?”

“ஆச்சு மாமா.”

“ஆச்சா இல்லையான்னு நான் கேக்கலை. என்ன சாப்பிட்ட?”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வேப்ப மரத்தைப் பார்த்தாள். “டீ மட்டும்தான் மாமா குடிச்சேன்” என்றான். மரத்தடிக்கு அனுப்பினேன். தங்கச்சி ஆறு இட்லி வைத்தது. இலையை மடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போனான். அவனைப் போல இன்னும் ஏழு பேரை மரத்தடிக்குத் திருப்பினேன். முதலில் உள்ளே போய்விட்ட ஐந்தாறு பேரையும் விடவில்லை. வரிசையில் போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். அதில் இரண்டு பேர் பொய். ஒன்று டீச்சர்.

பத்து மணிக்கு மேல் சங்கையா வந்தான். தனியாக வரவில்லை, மகனோடு வந்தான். என் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், “உனக்காக வரலை” என்றான். “தெரியும்லே” என்றேன். “அவுகளுக்காக வந்தேன். அன்னைக்கு வாரேன்னு சொல்லிட்டு வராமப் போனேன்ல.” அவுக என்றது உன்னைத்தான் மாப்பிள்ளை. நான் அவன் மகனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் என்றான். காலையில் களியா என்றேன். விடியும் முன்னே எழுப்பி அப்பாவே கிளறிப் போட்டார் என்றான். சங்கையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இருபத்தாறு பேர் வந்தார்கள். சத்துக் குறைவு, மாத்திரை, அழுத்தம் என்று ஏழு பேரைத் திருப்பிவிட்டார்கள். பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். ஒருத்தர்கூட மயங்கவில்லை. ஒவ்வொருவர் எழுந்து வரும்போதும் அவர்கள் காலைப் பார்த்தேன். நேராக நடக்கிறதா என்று பார்த்தேன். பிஸ்கட்டைத் தின்றார்களா என்று காகிதத்தைப் பார்த்தேன்.

வண்டி கிளம்பும்போது நர்சம்மா என்னை உட்காரச் சொல்லி ஒரு டீ கொடுத்தார். அவருக்கும் கதை தெரிந்திருந்தது. எனக்கு ஒரு குறை இருக்கிறதம்மா, என்னால் ஒன்றும் கொடுக்க முடியவில்லை, கொடுத்த ஒரே தடவையும் பாழாய்ப் போயிற்று என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார்.

“பாழாப் போகலையே தாத்தா. நீங்க பஸ் ஸ்டாண்டுலதானே மயங்கினீங்க? பை ஆஸ்பத்திரியிலதானே இருந்திருக்கும். அது யாருக்காவது ஏத்தியிருப்பாங்களே.”

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருஷம் மாப்பிள்ளை. படி ஞாபகம் இருந்தது, தையல் ஞாபகம் இருந்தது, ஊர் சிரித்துவிடுமோ என்ற பயம் ஞாபகம் இருந்தது. அந்தப் பை எங்கே போனது என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. உன் மகளுக்கு ஒரு லாரி டிரைவர் கொடுத்ததைப் போல, யாரோ ஒருத்தருக்கு நான் கொடுத்திருக்கிறேன். என் பெயரை அவர் கேட்கவில்லை. அவர் பெயர் எனக்கும் தெரியாது.

நேற்று ராத்திரி முழுக்க இதே நினைப்பு. உட்கார முடியவில்லை. இன்று காலையில் மாத்திரை வாங்க அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆணோ, பெண்ணோ, எந்த ஊரோ, எத்தனை வயதோ. அப்போது குழந்தையாக இருந்திருந்தால் இப்போது கல்யாணம் ஆகியிருக்கும். என் பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், மடியில் விதைப் பை வைத்திருந்தார். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, என்ன பெரியவரே என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லய்யா. உடம்பு நல்லா இருக்கா?”

அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, நல்லா இருக்கேன் என்று சிரித்தார். எனக்கு அது போதவில்லை மாப்பிள்ளை. முன் சீட்டில் இருந்தவர் தோளைத் தொட்டு அவரையும் கேட்டேன்.